எங்க ஊட்டுப் பொம்பளைங்க மட்டும் வரல

ரிட்டையர் ஆனவங்கதான் இந்த மாதிரி எழுதுவாங்களாம். எனக்கு இன்னும் ஒரு நரை கூட வரலீங்க. ஆனா வேலைய உட்டாச்சு, இனிமே அந்த வேலைக்குப் போகப் போறதுமில்ல. அப்ப நானும் ரிட்டையர்தானே.

போன மாசம் கேம்ப்பு வேலையில புதுசா சேந்த புள்ளைங்க எங்க எஸ்டேட்டு லைன் ஊட்டுக்கு வந்திருந்தாங்க. பொம்பளைங்களுக்கு வர்ற கேன்சரப் பாக்கறதுக்கு இப்ப ஏதோ புது கிட்டு வந்திருக்காம். பொம்பளைங்க கதவச் சாத்திக்கிட்டு அவிங்களே ஒரு பிரஸ்சு மாட்டம் இருக்கறத உள்ள உட்டு எடுத்து, டப்பாவுல போட்டுக் குடுத்துட்டா போதுமாம். படுக்க வேண்டியதில்ல, யாரும் பாக்க வேண்டியதில்ல, லைட்டு அடிக்க வேண்டியதில்ல. அதக் கைல வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன். "என்னக்கா, என்னாச்சு?"ன்னாங்க. ஒண்ணுமில்ல கண்ணுன்னு திருப்பிக் குடுத்துட்டேன்.

அவிங்கதான் கேட்டாங்க, "மீட்டிங்ல வந்து உங்க அனுபவத்தப் பேசுங்கக்கா"ன்னு. கேம்ப்பப் பத்தின்னா எத்தன பேரு முன்னாலயும் பேசிருவேன். எங்கம்மாவப் பத்திப் பேசோணும்னா வாய் வராது. எழுதித் தாரேன்னு சொன்னேன். எட்டாவதுதான் படிச்சது. பேசற மாதிரிதான் எழுத வரும்.

நல்ல வேலைய ஏன் உட்டன்னு எல்லாரும் கேக்கறாங்க. அம்மா செத்ததுனால மனசு உட்டுப் போச்சுன்னு அவிங்களே பதிலும் சொல்லிக்கிறாங்க. அது பாதிதானுங்க. மீதி எங்க செல்வி அக்கா. அவ உசுரோட இருக்கோணும்னுதான் உட்டேன். அதச் சொல்றதுக்கு மொதல்ல இருந்து வரோணும்.

எங்க எஸ்டேட்டு மலை மேல, கொட்டச்சேடு ஊருக்கும் இன்னும் உள்ள தள்ளி. அப்பா நான் சின்னதா இருக்கறப்பவே போயிட்டாரு. அம்மா ராசம்மா, காப்பிப் பழம் எடுக்கறவ. செல்வி அக்காவுக்கும் அதே எஸ்டேட்டுலதான் மாப்பிள்ள, எங்க ஊட்டுக்கு நாலு ஊடு தள்ளித்தான் அவ ஊடு. நானும் எட்டாவதோட இடுப்புல சாக்கக் கட்டிக்கிட்டு காப்பிச் செடிக்குள்ள எறங்குனவதான்.

அப்பத்தான் கீழ இருந்து ஒரு தொண்டு ஆஸ்பத்திரிக்காரங்க வந்தாங்க. கருப்பை வாயில வர்ற கேன்சர முன்னாடியே கண்டுபிடிக்கறதுக்குக் கேம்ப்பு போடறாங்களாம். அதுக்கு ஊருக்குள்ளயே பொறந்து வளந்த பொம்பளப் புள்ள ஒண்ணு வேணும்னாங்க. வெளியாளு கூப்புட்டா பொம்பளைங்க வர மாட்டாங்க, சொந்த ஊருப் புள்ள கூப்புட்டா நம்பி வருவாங்கன்னாங்க. எங்கம்மா என்னயத் தள்ளி உட்டா. "எம்புள்ள நல்லா வாயாடுவா, இவளக் கூட்டிட்டுப் போங்க"ன்னு.

சேலத்துல கொஞ்ச நாளு ட்ரெயினிங்கு. பொம்ம வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு அதுல புரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். இந்த நோவு திடீர்னு வர்றதில்ல. உள்ள ஒரு எடம் கெட ஆரம்பிச்சு, நொம்ப வருசம் கழிச்சுத்தான் கேன்சராகுது. அதுக்குள்ள பாத்துட்டா கொஞ்ச நேரத்து வேல. பாக்காம உட்டா உசுரு.

மொத கேம்ப்பு எங்க எஸ்டேட்டு பால்வாடியில. காலையில இருந்து ஒருத்தரும் வரல. கருத்தட ஆபரேசன் பண்ணி உட்டுருவாங்கன்னு ஒரு பேச்சு. "கல்யாணமே ஆகல, இவளுக்கு என்ன தெரியும்"னு என்னயப் பத்தி இன்னொரு பேச்சு. அது போக பழம் எடுக்கற சீசன், அரை நாளு போனா அரைச் சம்பளம் போச்சு.

எங்கம்மா தலத்துண்ட அவுத்து ஒதறிக் கட்டிக்கிட்டு நேரா எஸ்டேட் ரைட்டர்கிட்டப் போனா. அவருதான் ஆளுங்களுக்கு வேலை எழுதறவரு. நொம்பக் கறாரான மனுசன்.

"ஏனுங்க ரைட்டரய்யா, உங்க ஜீப்பு ஓடிக்கிட்டுத்தான இருக்குது? அத எதுக்கு வருசா வருசம் கீழ கொண்டுட்டுப் போயி சர்வீசுக்கு உடறீங்க?"

"உடாம? வளைவுல பிரேக்கு புடிக்கலைன்னா நீயா வருவ?"

"அதத்தானுங்க நானும் சொல்றேன். நாங்களும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கறோம். ஒருக்கா சர்வீசு உடுங்க."

சுத்தி இருந்த பொம்பளைங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. ரைட்டருக்கும் சிரிப்பு வந்துருச்சு. "போய்த் தொலைங்க, அரை நாளு எழுதிக்கறேன்"னுட்டாரு. அம்மா பத்துப் பன்னெண்டு பேரக் கூட்டிக்கிட்டுப் பால்வாடிக்கு வந்தா. ஒவ்வொருத்தரயா உள்ள தள்ளி உட்டா. அவிங்க புள்ளைங்கள இவ வெளிய வச்சு வேடிக்க காட்டிக்கிட்டு இருந்தா. எல்லாரும் பாத்து முடிச்சாங்க. அன்னைக்கிருந்து ஒவ்வொரு கேம்ப்புக்கும் எனக்கு ஆளு சேத்துக் குடுத்தது அவதான்.

உள்ள என்ன நடக்கும்னு இப்பச் சொல்றேன். புதுப் புள்ளைங்களுக்கு இது தெரியோணும்.

பாக்கறது பாக்கியம் சிஸ்டர். குள்ளமா, கண்ணாடி போட்டுக்கிட்டு, எப்பவும் ஒரு நீலக் கலர் ஸ்வெட்டர். கீழ இருந்து வர்றவங்க, மலைக் குளுரு ஒத்துக்காது, மூக்க உறிஞ்சிக்கிட்டே இருப்பாங்க. உள்ள பாக்கறதுக்கு ஸ்டீல்ல வாய் தெறக்கற மாட்டம் ஒரு கருவி இருக்குது. எங்க மலையில அது ஐஸு கணக்கா இருக்கும். சிஸ்டர் அத வெந்நியில போட்டு எடுத்து, தன் முழங்கைக்குக் கீழ வச்சுப் பாப்பாங்க. சூடாவும் இருக்கக் கூடாது, குளுரவும் கூடாது. அவிங்களுக்குத் திருப்தி ஆகற வரைக்கும் எத்தன பேரு வெளிய காத்துக்கிட்டு இருந்தாலும் சரி, உள்ள வைக்க மாட்டாங்க. கூட வர்ற டாக்டரம்மா ஒருக்கா "சீக்கிரம் ஆகட்டும் சிஸ்டர்"னு சொன்னதுக்கு, "மாவுக்குத் தண்ணி சூடு பாக்கறதில்லையா டாக்டர், அப்பிடித்தான்"னு சொல்லிட்டு மறுபடியும் கையில வச்சுப் பாத்தாங்க.

என்ற வேல டார்ச்சு புடிக்கறது. பெரிய லைட்டு ஒண்ணு இருந்துச்சு, ஆனா மழைக்காலத்துல எங்களுக்குக் கரண்டு ஏது. அதனால பெரிய டார்ச்சு. சிஸ்டருக்குப் பின்னால நின்னு தோளுக்கு மேல நேரா அடிக்கோணும். கை ஆடக் கூடாது. படுத்திருக்கற பொம்பளையோட மூஞ்சியப் பாக்கக் கூடாது, அவிங்களுக்குக் கூச்சம். லைட்டு எங்க போகுதோ அங்கதான் கண்ணு இருக்கோணும்.

மருந்து வேறொண்ணுமில்ல, ஊறுகாய்க்குப் போடற வினிகர் சாதி. பஞ்சுல நனச்சுக் கருப்பை வாயில ஒத்தி எடுக்கோணும். ஒரு நிமிசம் பொறுக்கோணும். கெட ஆரம்பிச்ச எடமா இருந்தா பால் ஏடு படிஞ்ச மாட்டம் வெள்ளையாத் தெரியும். நல்ல எடம் அப்பிடியே செவப்பா இருக்கும்.

அந்த ஒரு நிமிசந்தானுங்க பெரிய பாடு. பொம்பளைங்க பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பாங்க, கால இறுக்கிக்குவாங்க. சிஸ்டர் கடியாரத்தப் பாக்கறதே இல்ல. மருந்து ஒத்துன ஒடனே கேப்பாங்க, "ஏம்மா, நான் கீழ சோறு திங்கறவ. இந்த ராகிக் களி எப்பிடிக் கிண்டறது, சொல்லேன்."

எந்தப் பொம்பளையா இருந்தாலும் சொல்ல ஆரம்பிச்சுரும். தண்ணி கொதிக்கோணும், நொய்யரிசி போடோணும், வெந்ததும் மாவக் கொட்டி நடுவுல குச்சிய ஊணோணும், கட்டி தட்டாமக் கிண்டோணும். சொல்லி முடிக்கறதுக்கும் ஒரு நிமிசம் முடியறதுக்கும் சரியா இருக்கும். கால் தானா தளர்ந்திருக்கும். ஒண்ணுமில்லைன்னா "அவ்வளவுதான், எந்திரிம்மா"ன்னுருவாங்க.

வெள்ளையாத் தெரிஞ்சா எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்க. "சரி, களிக்கு என்ன கொழம்பு வைப்ப?"ன்னு அடுத்ததக் கேப்பாங்க. அதுக்குள்ள எனக்குக் கண்ணக் காட்டுவாங்க, நான் போயி டாக்டரம்மாவக் கூட்டியாருவேன். அவிங்க பாத்துட்டு, சின்னதா இருந்தா அங்கயே சிலிண்டர்ல இருந்து குளுந்த கேஸு வச்சு அந்த எடத்த உறைய உட்டுருவாங்க. பெருசா இருந்தா கீழ அனுப்புவாங்க. நான் இருந்த வரைக்கும் அந்த ரூமுக்குள்ள கேன்சருங்கற வார்த்தைய சிஸ்டர் ஒரு நாளும் சொன்னதில்ல. களி, இல்லைன்னாக் கொழம்பு. அவ்வளவுதான்.

இன்னொண்ணு சொல்லோணும். அதுலதான் சிஸ்டரு மனசு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.

மேல சாமை, பழம் வெள்ளாம பண்ற ஒரு மலைக்கார ஊரு. அங்க பொன்னின்னு ஒரு அக்காவுக்கு வெள்ளை தெரிஞ்சுது. அன்னைக்குச் சிலிண்டர்ல கேஸு தீந்து போச்சு. அடுத்த வாரம் ஒண்டிக்கடை ஸ்டாப்புக்கு வந்துரு, அங்க வண்டி நிக்கும்னு சொல்லிட்டு வந்தோம். அவ வரல. சிஸ்டரும் நானும் போயிக் கேட்டா, ஊர்ல கோயில் திருவிழா, நோம்பி சாட்டிக் காப்புக் கட்டியாச்சு. காப்புக் கட்டுனா நோம்பி முடியற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது. நோம்பி முடிஞ்சா மழை, மழை முடிஞ்சா அறுப்பு, அப்புறம் அவ வரவே மாட்டா. எனக்குக் கோவம் வந்துருச்சு. "சாமியா வந்து உன்னையப் பாத்துக்கப் போகுது?"ன்னு கேட்டுப்போட்டேன். பொன்னி அக்கா மூஞ்சி சுருங்கிப் போச்சு.

சிஸ்டர் என்னயத் தள்ளி நிக்கச் சொன்னாங்க. அவகிட்டக் கேட்டாங்க, "எல்லை எது வரைக்கும்மா?"

"அந்தப் பலா மரம் வரைக்குங்க."

"பள்ளிக்கூடம் எல்லைக்கு உள்ளயா, வெளியவா?"

"உள்ளதானுங்க."

மறுநாளு டிரைவரும் நானும் அந்தச் சிலிண்டரக் கம்புல கட்டித் தோள்ல தூக்கிக்கிட்டு ஏறுனோம். சிஸ்டரும் டாக்டரம்மாவும் பின்னால வந்தாங்க, பள்ளிக்கூடத்து பெஞ்சுலயே வச்சு முடிஞ்சுது. எறங்கி வர்றப்ப சிஸ்டர் மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னாங்க, "அவ எல்லைய நாம நகத்த முடியாது மஞ்சு. சிலிண்டர நகத்தலாம்."

பொன்னி அக்கா இப்பவும் சந்தைக்கு வந்தா எனக்குக் கொய்யாப் பழம் குடுப்பா.

இனி எங்கம்மா.

நான் அம்மாகிட்டக் கேக்காம இல்லீங்க. வேலைக்குச் சேந்த புதுசுலயே கேட்டேன், "நீ எப்பம்மா பாத்துக்குவ?"ன்னு. மொதல்ல ஆளு கூட்டியாறேன், கடைசியாப் படுக்கறேன்னா. கடைசியில பொழுது போயிரும். அப்புறம் நான் மறுபடியும் ட்ரெயினிங்குன்னு கீழ போயிட்டு வந்தப்ப, "கிளியூர்ல என்ற சித்தி ஊட்டுக்குப் போயிருந்தேன், அங்க கேம்ப்பு போட்டாங்க, பாத்துக்கிட்டேன். ஒண்ணுமில்லைன்னாங்க"ன்னா. எனக்கு நிம்மதியாப் போச்சு. பாக்கறதுன்னா என்னான்னு அவளுக்குத்தான் அத்துப்படியே, நாலு பேருக்குச் சொல்றவளாச்சே.

ரெண்டு மூணு வருசம் கழிச்சு ஒரு நாளு, ஊட்டுக்குப் பின்னால சில்வர் மரத்துல மொளகுக் கொடி ஏறியிருக்கும், அதுக்கு மறவுல துணி காயறதப் பாத்தேன். தீட்டுத் துணி. அம்மாவுக்கு அதெல்லாம் நின்னு எவ்வளவோ நாளாச்சு. அக்காவுதுன்னு நெனச்சு, "ஏன் இங்க காயப் போடற?"ன்னு அவளக் கேட்டேன். "என்றதில்லையே"ன்னா.

அப்பத்தான் எனக்கு ஒவ்வொண்ணா மனசுல வந்துச்சு. அம்மா கொஞ்ச நாளா சாம்பிராணி போடறது. கிட்ட வந்து படுக்காம ஒரு மூலையில பாய விரிக்கறது. பழம் எடுக்கறப்ப சரிவுல எறங்காம மேட்டுலயே நிக்கறது.

ஊட்டுக்குள்ள போயி நின்னேன். அம்மா அரிசி பொடச்சுக்கிட்டு இருந்தா. என்ற மூஞ்சியப் பாத்ததும் மொறத்தக் கீழ வச்சுட்டா.

"துணியப் பாத்துட்டயா?"ன்னா.

"எத்தன நாளாம்மா?"

"இருக்கும் கண்ணு. அறுப்புக்கு முந்தி இருந்து."

அந்த வாரமே கேம்ப்பு இருந்துச்சு. எங்க பால்வாடியிலயே. அம்மா வந்தா. திரைக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு சிஸ்டர்கிட்டச் சொன்னா, "ஏனுங்க, இவள வெளிய போகச் சொல்லுங்க."

"மஞ்சு லைட்டு புடிக்கோணுமேம்மா."

"வேற யாரயாச்சும் புடிக்கச் சொல்லுங்க. இல்லைன்னா நான் போறேன்."

சிஸ்டர் என்னயப் பாத்தாங்க. டார்ச்ச என்ற கையில இருந்து வாங்கிக்கிட்டாங்க. நான் வெளிய வந்து பால்வாடி செவுத்துல சாஞ்சு நின்னேன். பலகைச் செவுரு, உள்ள பேசறது கேக்கும். ஜன்னல் சந்துல, சிஸ்டர் டார்ச்சத் தாடைக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டுக் குனியறது நெழலாத் தெரிஞ்சுது. அதோட நான் அந்தப் பக்கம் திரும்பல.

கருவி வைக்கற சத்தம் கேட்டுச்சு. அம்மா "ம்ம்"ன்னா. நான் காத்துக்கிட்டு இருந்தேன். இப்பக் கேப்பாங்க, இப்பக் கேப்பாங்கன்னு. ஏம்மா, களி எப்பிடிக் கிண்டறதுன்னு.

சிஸ்டர் கேக்கவே இல்லீங்க.

மருந்து ஒத்தறதுக்கே அங்க வேல இல்ல. கண்ணால பாத்தாலே தெரியற அளவுக்கு வந்துருச்சு, பஞ்சு பட்டாலே ரத்தம். அதெல்லாம் அவிங்க பொறவு சொன்னது. எனக்கு அந்த ஒரு நிமிசம் ஒரு சத்தமும் கேக்காம இருந்தப்பவே தெரிஞ்சு போச்சு. பால்வாடி முத்தத்துல புள்ளைங்க சறுக்கு வெளயாடிக்கிட்டு இருந்துச்சுங்க. அதப் பாத்துக்கிட்டே நின்னேன்.

கொஞ்ச நேரங்கழிச்சு அம்மா குரலுதான் கேட்டுச்சு. "என்னங்க சிஸ்டர், எல்லாருகிட்டயும் களி கேப்பீங்களாமா, என்கிட்டக் கேக்க மாட்டீங்களா?"

அதுக்கு சிஸ்டர் என்ன சொன்னாங்கன்னு கேக்கல. மூக்க உறிஞ்சறதுதான் கேட்டுச்சு.

அப்புறம் சேலம். சதை எடுத்து டெஸ்ட்டு, ஸ்கேனு, கரண்டு வைக்கறதுன்னு சொல்ற ரேடியேசன். தெனமும் மொத பஸ்ஸுல எறங்கி, கடைசி பஸ்ஸுல ஏறுவோம். கரண்டு வச்ச ஒடம்போட அந்த வளைவுல வர்றது இருக்குதே, ஒவ்வொரு வளைவுக்கும் அம்மா ஜன்னல்ல தலைய உட்டு வாந்தி எடுப்பா. அப்பவும் கண்டக்டரு தம்பிகிட்ட, "கோச்சுக்காத சாமி, உன்ற பஸ்ஸுக்குச் சாணி தெளிச்சு உடறேன்"னு கேலி பேசுவா. பொறவு ஏறி எறங்க முடியாமப் போயி வார்டுலயே சேத்தோம்.

அங்க வச்சுத்தான் கேட்டேன். கேக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், வாயில வந்துருச்சு.

"கிளியூர்ல பாத்துக்கிட்டேன்னு சொன்னயேம்மா."

அம்மா மேல ஃபேனப் பாத்துக்கிட்டே சொன்னா.

"போனேன் கண்ணு. பொய்யில்ல. வாசல் வரைக்கும் போனேன். அதுவும் உங்க ஆஸ்பத்திரி கேம்ப்புத்தான். அங்க இருந்த சிஸ்டரு, 'அடடே, மஞ்சுவோட அம்மாவா, வாங்க வாங்க'ன்னாங்க. அதுக்கு மேல காலு போகல. உள்ள இருக்கறவங்க எல்லாம் உன்னோட ஒண்ணா ஒக்காந்து சோறு திங்கறவங்க. என்னய அப்பிடிப் பாத்துட்டு நாளைக்கு உன்ற மூஞ்சியப் பாத்தா நான் படுத்துக் கெடந்தது நெனவுக்கு வராதா?"

"எங்க கேம்ப்புல படுத்திருக்கலாமுல்ல?"

"நீ லைட்டு புடிச்சுக்கிட்டு நிப்ப. உன்னையப் பெத்த எடத்த உனக்கே எப்பிடிக் காட்டறது சாமி?"

"வேற எங்கயாச்சும், கீழ..."

"உன் கேம்ப்ப உட்டுட்டு நான் கீழ போனா, மவ கைமேல பெத்தவளுக்கே நம்பிக்க இல்லைன்னு ஊரு சொல்லாதா? அப்புறம் எவ வருவா உன்ற பின்னால?"

ஒவ்வொண்ணுக்கும் அவகிட்டப் பதில் இருந்துச்சு. என்மேல அவளுக்கு ஒரு கோவமும் இல்ல, அதான் தாங்க முடியல. கொஞ்சம் எண்ணெயத் தேய்ச்சுத் தலைய வாரி உட்டேன், கண்ண மூடிக்கிட்டா. அதுக்கப்புறம் நொம்ப நாளு இருக்கல.

காரியமெல்லாம் முடிஞ்சு எல்லாரும் போனாங்க. ஊட்டுல நான் ஒருத்திதான். லைன் ஊடு, ஒரு ரூமுதான், ஆனா அன்னைக்கு அது எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு சொல்லி முடியாது. ஒரு தட்டுல சோறு போட்டுக்கிட்டு எந்தப் பக்கம் பாத்து ஒக்கார்றதுன்னு தெரியாம நிப்பேன். பைப்படியில பேசிக்கிட்டு இருக்கறவங்க நான் கொடத்தோட போனா நிறுத்திக்குவாங்க. "ஊரையே பாத்தா, பெத்தவளப் பாக்கல"ன்னு ஒருத்தி சொன்னது என்ற காதுலயே உழுந்துச்சு. அவளுக்கும் நாந்தான் டார்ச்சு புடிச்சேன். அவளுக்கு ஒண்ணுமில்ல, களியோட எந்திரிச்சவ.

கோவப்படலீங்க. அந்தப் பேச்சுதான் என்னய யோசிக்க வச்சுது. ஊரையே பாத்தேன், சரி. எங்க ஆளுங்கள? சின்னம்மா வந்தாளா? வரல. மாமன் பொண்டாட்டி? வரல. செல்வி அக்கா? அவ கர்ப்பமா இருக்கறேன்னா, பால் குடுக்கறேன்னா, தீட்டுன்னா. எதயாச்சும் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கறா. ஊருப் பொம்பளைங்க அத்தன பேரும் என்னய நம்பி வந்தாங்க. எங்க ஊட்டுப் பொம்பளைங்க மட்டும் வரல. நான் அங்க நிக்கறதுனாலதான் வரல.

அக்காகிட்டப் போனேன். அவ எருமைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தா.

"அடுத்த கேம்ப்புக்கு நீ வரோணும்க்கா."

"பாக்கலாம்."

"நான் அன்னைக்கு லீவு போட்டுக்கறேன். உள்ள இருக்க மாட்டேன்."

"நீ லீவு போட்டா? மறுநாளு அவிங்களோடதான நீ ஜீப்புல போவ? யாரு யாருக்கு என்னான்னு உன் கை வழியாத்தான வரும்? நீதான ஊடு ஊடாப் போயிச் சொல்றவ?"

"அம்மாவப் பாத்த பொறவுமா இப்பிடிப் பேசற?"

அவ வாளியக் கீழ வச்சா. "அம்மா எதுக்குப் போகலன்னு எனக்குத் தெரியும்டி. அப்பவே எங்கிட்டச் சொல்லிட்டா. நீ தெரிஞ்சுக்காம இருக்கறது உன் வேலைக்கு நல்லதுன்னு அம்மா சொன்னா. எனக்கும் கூச்சந்தான், என்ன பண்ணச் சொல்ற? கூடப் பொறந்தவ நீ. எவளோ ஒருத்தியா இருந்தாப் படுத்துருவேன்."

கத்தல, அழுகல. எருமையப் பாத்துக்கிட்டே சொன்னா.

திரும்பி நடக்கறப்ப பாக்கியம் சிஸ்டர் சொன்னதுதான் நெனவுக்கு வந்துச்சு. எல்லைய நகத்த முடியாது, சிலிண்டர நகத்தலாம். இங்க நகர வேண்டியது நாந்தான்னு புரிஞ்சுது.

சிஸ்டர்கிட்டப் போயிச் சொன்னேன், வேலைய உடறேன்னு. உன்னையக் கீழ ஆபீசுக்கு மாத்தித் தரேன், ஸ்டோருல போடறேன்னு என்னென்னமோ சொன்னாங்க. "நான் உங்களோட ஒருத்தியா இருக்கற வரைக்கும் எங்க அக்கா வர மாட்டாங்க சிஸ்டர்"னேன். அவிங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. "நீ புடிச்சா லைட்டு ஆடாது மஞ்சு"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்த டார்ச்ச மேசை மேல வச்சுட்டு வந்தேன்.

மறுபடியும் சாக்கக் கட்டிக்கிட்டுப் பழம் எடுக்கப் போனேன். கை மறக்கல. செடிக்குள்ள தனியா ஒரு வரிசையப் புடிச்சுக்கிட்டு நின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

அடுத்த கேம்ப்பு எங்க பால்வாடியிலதான். புதுசா வேற எஸ்டேட்டுப் புள்ள ஒண்ணப் போட்டிருந்தாங்க, எங்க லைன்ல அதுக்கு ஒரு சொந்தமும் இல்ல. அன்னைக்கு நான் வேலைக்கும் போகல. கதவச் சாத்திக்கிட்டு ஊட்டுக்குள்ள ஒக்காந்துக்கிட்டேன். நான் வழியில நிக்கறதப் பாத்தா எங்க ஆளுங்க திரும்பிருவாங்களோன்னு பயம். மூடுபனி எறங்கி வெளிய ஒண்ணும் தெரியாம இருந்துச்சு. காலடிச் சத்தம் மட்டும் கேக்கும். ஒருத்தரு போறாங்க, ரெண்டு பேரு போறாங்க. சின்னம்மாவோட இருமல் கேட்டுச்சு. அக்காவோட நடை எனக்குத் தெரியும், கொலுசுல ஒரு பக்கம் மணி போயிருச்சு. அது போறது கேட்டுச்சு.

அதுக்கப்புறம் ஒரே அமைதி. அம்மாவ உள்ள உட்டுட்டு வெளிய நின்னனே, அதே மாதிரிதான். இங்க செவுத்துல காத வைக்கக் கூட வழியில்ல. அடுப்புப் பத்த வைக்கல. அம்மாவோட மொறம் செவுத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன். அக்காவுக்கும் இருந்துச்சுன்னா நான் என்ன பண்றதுன்னு நெனச்சேன். அதுக்கு மேல நெனப்பு ஓடல.

உச்சிக்கு மேல கொலுசுச் சத்தம் திரும்பி வந்துச்சு. என்ற கதவுகிட்ட நின்னுச்சு. தட்டுனா. தெறந்தேன். அக்கா சீலைய இழுத்துப் போத்திக்கிட்டு நின்னா, உள்ள வரல. நான் ஒண்ணும் கேக்கல. கேக்கக் கூடாது, அதுக்குத்தான வேலையே உட்டது.

அவளே சொன்னா. "ஏன்டி, உன்ற சிஸ்டரு என்னடி அப்பிடி ஒரு ஆளு? ஒரு பொம்பள படுத்துக்கிட்டு இருக்கறப்ப களி கிண்டறது எப்பிடின்னு கேக்கறாங்க!"

நான் கதவப் புடிச்சுக்கிட்டேன்.

"கொழம்பு கேட்டாங்களா?"

"கொழம்பா? இல்லையே. களி சொல்லி முடிச்சதும் எந்திரிக்கச் சொல்லிட்டாங்க. ஏன்?"

"சும்மாதான்க்கா."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சு, தனியா இருந்து இருந்து"ன்னா. போகத் திரும்புனவ நின்னு, "அம்மா கிண்டற மாதிரிதான் சொல்லிக் குடுத்தேன்"ன்னா.

அவ பனிக்குள்ள போயிட்டா. கொலுசு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. நான் உள்ள வந்து அடுப்பப் பத்த வச்சு, ஒருத்திக்குக் களி கிண்டறதுக்குத் தண்ணி வச்சேன்.